பக்கத்துப் பாத்திக்காரி

ஜனவரி 9

தம்பிக்கு,

அக்கா எழுதறேன். இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். உன் மாமாவுக்கு மட்டும் முதுகு பிடிச்சிருக்கு. ஊர்ல இருக்கற லிஃப்டுக்கெல்லாம் மேல ஏறி ரிப்பேர் பாக்கற மனுஷனுக்கு வீட்டு மாடிப்படி ஏற முடியலை. உன் இருமல் விட்டுச்சா? ஜெயில்ல போர்வை கொடுக்கறாங்களா? உனக்கு முன்னாடி இதைப் பிரிச்சுப் படிக்கிற ஆபீஸர் ஐயாவுக்கும் வணக்கம். ஐயா, என்னது கோழிக் கிறுக்கல், கண்ணாடி போட்டுக்கங்க.

ஒரு வெக்கக்கேட்டை முதல்லயே சொல்லிடறேன். கடைத்தெரு சுவத்துல ஒரு நோட்டீஸ். நான்தான் நாலாம் வகுப்போட பள்ளிக்கூடத்துக்கு டாட்டா காட்டினவளாச்சே. ‘காய்கறி’ன்னு இருக்கு, ‘இலவசம்’னு இருக்கு. நடுவுல இருந்ததெல்லாம் பொடி எழுத்து, விட்டுட்டேன். பெரிய பையா ரெண்டு எடுத்துக்கிட்டுப் போய் வரிசையில நின்னேன். வரிசையில யாருமே இல்லை, அப்பவாவது யோசிச்சிருக்கணும். பொதுத் தோட்டத்துல சம்பளம் வாங்காம வேலை செய்ய ஆள் தேவைன்னு போட்டிருந்துச்சாம். கையில களைக்கொத்தியைக் கொடுத்துட்டாங்க. பையை மடிச்சு இடுப்புல சொருகிக்கிட்டு நானும் உக்காந்து கொத்தினேன். இப்ப நானும் தோட்டக் குழுவுல ஒரு ஆள்.

ஓட்டல் சலவை ரூம்ல நாள் பூரா வெள்ளை விரிப்பையே மடிச்சு மடிச்சு, பச்சைன்னு ஒரு கலர் இருக்கறதே எனக்கு மறந்து போயிருந்துச்சுடா எலி. வாரக் கடைசியில மண்ணுல கை வச்சா ஒரு மாதிரி நிம்மதி.

குழுவுக்குத் தலைவி ஒரு ரிட்டயர்டு கணக்கு டீச்சரம்மா. தக்காளிச் செடிகூட அவங்களைப் பாத்தா முதுகை நிமித்திக்கும். ஜூன் மாசம் ஜனங்களைக் கூப்பிட்டுத் தோட்டத்தைச் சுத்திக் காட்டப்போறோம். கார்டன் டூர்னு பேரு. டூர்னதும் நான் பஸ் வரும்னு பாத்தேன். ஒரு சுத்து நடந்தா புறப்பட்ட கேட்டுக்கே வந்துடறோம், அதான் டூராம். அதுல ஒரு சட்டம் இருக்கு. அவங்கவங்க பாத்தியைப் பத்தி அவங்கவங்க பேசக் கூடாது, பக்கத்துப் பாத்திக்காரங்கதான் பேசணும். போன வருஷம் மருந்துக்கடைக்காரர் தன் ரோஜாவைப் பத்திப் பேச ஆரம்பிச்சு, வந்தவங்க பாதிப் பேர் நழுவிட்டாங்களாம். அதுலேர்ந்து டீச்சரம்மா போட்ட சட்டம்.

உடம்பைப் பாத்துக்கோ. சாப்பாட்டை மிச்சம் வைக்காதே.

உன் அக்கா

ஜனவரி 27

அக்காவுக்கு,

நான் நல்லா இருக்கேன். இருமல் குறைஞ்சிருக்கு. மாமாவுக்கு முதுகுல வெந்நீர் ஒத்தடம் கொடு.

அக்கா, அது எந்தத் தோட்டம்? பஸ் டிப்போவுக்குப் பின்னாடி, புதுசாக் கட்டடம் எழும்பற இடத்துக்கு எதிர்ல இருக்கே, அதுவா? அந்த டீச்சரம்மா மெலிஞ்ச உருவமா, வெள்ளை முடியை இறுக்கி முடிஞ்சிருப்பாங்களா?

அப்படின்னா அவங்க யாருன்னு உனக்குத் தெரியும். நீ ஆபரேஷன் பண்ணி ஆஸ்பத்திரியில படுத்திருந்ததால கோர்ட்டுக்கு வரலை, அவங்க முகத்தைப் பாத்ததில்லை. ஆனா உனக்குத் தெரியும். நான் தண்ணி லாரியை ரிவர்ஸ் எடுத்ததுல செத்தது அவங்க வீட்டுக்காரர்.

கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்னு நீ கேட்டப்போ உன்கிட்ட மட்டும் ஒண்ணு சொன்னேன். அவர் உடனே போகலை. என்கிட்டப் பேசினார். மண்வெட்டியைக் கழுவாம மாட்டிட்டு வந்துட்டேன், வீட்டுல சொல்லிடுன்னார். கோர்ட்டுல டாக்டர் உடனே உயிர் போயிருக்கும்னு சொன்னார். அந்த நிமிஷம் அந்தம்மா தோள் தளர்ந்து கீழே இறங்கினதை நான் பாத்தேன். அவங்களுக்கு மிஞ்சினது அது ஒண்ணுதான். அதான் நான் வாயைத் திறக்கலை.

உன் வாய் உனக்கே தெரியும். அங்க போகாதே.

தம்பி

பிப்ரவரி 10

டேய் எலிக்கு,

சுகம். நீயும் அப்படியே இருப்பேன்னு நம்பறேன். மாமாவுக்கு ஒத்தடம் கொடுத்தேன், சுடுதுன்னார். ஆறவச்சுக் கொடுத்தேன், ஆறிப்போச்சுன்னார்.

நோட்டீஸ் கதை பொய். பையும் பொய். நீ சிரிக்கணும்னு எழுதினேன். நான் அவங்களைத் தேடித்தான் போனேன். என்ன சொல்லன்னு கேக்கறியா? ‘அம்மா, நான் அந்த டிரைவரோட அக்கா, எங்களை மன்னிச்சிடுங்க.’ இதை வழியெல்லாம் சொல்லிப் பாத்துக்கிட்டே போனேன். கேட்டைத் திறந்து வாயைத் திறக்கறதுக்குள்ள, ‘புதுசா? லேட்டு. அந்த வரிசையில களை எடுங்க’ன்னு கையில களைக்கொத்தியைத் திணிச்சுட்டாங்க. வரிசை முடியட்டும், சொல்லலாம்னு பாத்தேன். முடிஞ்சதும் தண்ணி கொடுத்தாங்க. தண்ணியைக் குடிச்சுட்டு எப்படிடா சொல்றது?

இப்ப எனக்குன்னு ஒரு பாத்தி கொடுத்திருக்காங்க. அது அவங்க பாத்திக்குப் பக்கத்துல. அவங்க வீட்டுக்காரர் ஆரம்பிச்ச தோட்டமாம் இது, அவர் பாத்தியைத்தான் அவங்க பாத்துக்கறாங்க.

என்னைத் திட்டிக்கிட்டே இருப்பாங்க. ‘வெங்காயத்தை இப்படியா நடுவாங்க? உங்களுக்கு நேர்கோடுன்னா என்னன்னு யாரும் சொல்லித் தரலையா?’ம்பாங்க. ‘நாலாம் வகுப்புவரைக்கும் கோணல் கோடுதான் டீச்சர், அஞ்சாவதுல நேர்கோடு வரும்னாங்க, அதுக்குள்ள நின்னுட்டேன்’னேன். அந்தம்மாவுக்குச் சிரிப்பு வராதுன்னு எல்லாரும் சொல்வாங்க. வந்துச்சு. வாயை முந்தானையால மூடிக்கிட்டாங்க.

அதுக்கப்புறம்தான் அவங்களா சொன்னாங்க. ‘அவர் ஒரு நொடிகூடக் கஷ்டப்படலை. டாக்டரே சொன்னார். படுக்கும்போது அதைச் சொல்லிக்குவேன், அப்பத்தான் கண்ணு மூடும்’னு. நான் வெங்காயத்தையே பாத்துக்கிட்டிருந்தேன்.

நான் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கறேன். நீ கவலைப்படாதே. ஆபீஸர் ஐயா, நீங்களும் வெளியில சொல்லிடாதீங்க.

அக்கா

பிப்ரவரி 24

அக்காவுக்கு,

உடம்புக்கு ஒண்ணும் இல்லை. இங்க எனக்குத் துணி தைக்கிற வேலை கொடுத்திருக்காங்க.

விளையாட்டாப் பேசாதே. நீ பூட்டுப் போட்டாலும் சாவியை வாயிலதான் வச்சிருப்பே. அந்தம்மா உன்மேல எவ்வளவு பிரியமா இருக்காங்களோ அவ்வளவு மோசமா முடியும். மன்னிப்பு நான் கேக்கவேண்டியது, நீ இல்லை. முதுகுவலின்னு சொல்லிட்டு நின்னுடு. மாமாவுக்குத்தான் இருக்கே, பாதியை நீ வாங்கிக்கோ.

மாமாவைக் கேட்டதாச் சொல்லு.

தம்பி

மார்ச் 12

தம்பிக்கு,

நாங்க எல்லாரும் நலம். தைக்கற வேலைன்னு எழுதியிருக்கே. சின்ன வயசுல உனக்குப் பட்டன் தெச்சுக் கொடுத்து என் விரல்ல குத்தின ஊசிக்கெல்லாம் இப்பப் பழி வாங்கியாச்சு.

நின்னுடறேன்னு சொல்லத்தான் போனேன். சத்தியமா. அன்னிக்கு டீச்சரம்மா டூர் வழியைச் சுண்ணாம்புப் பொடியால கோடு போட்டுக்கிட்டிருந்தாங்க. கேட்லேர்ந்து பீன்ஸ் பந்தல், அங்கேர்ந்து ரோஜா, அப்புறம் தொட்டி, அவங்க பாத்தி, கடைசியா உரக்குழி. ‘என் பாத்திக்கு வந்ததும் நீங்க பேசணும்’னாங்க. பக்கத்துப் பாத்திக்காரி நான்தானே. ‘எனக்குப் பேச வராது டீச்சர்’னேன். குழுவே சிரிச்சுச்சு. ‘உங்களுக்கா?’ன்னு மருந்துக்கடைக்காரர் தும்மற மாதிரி சிரிக்கிறார்.

என்ன பேசணும்னும் அவங்களே சொல்லிக் கொடுத்தாங்க. அவர் தோட்டம் போட்ட கதை, அவர் வெள்ளரி, அப்புறம் எதிர்ல ரோட்டுல நடந்தது. ‘உடனே போயிட்டார், ஒரு நொடிகூடக் கஷ்டப்படலை’ன்னு முடிக்கணுமாம். ‘நான் சொன்னா தொண்டை அடைக்கும். நீங்க சொன்னா ஜனங்க பயப்பட மாட்டாங்க’னாங்க.

நான் சரின்னேன். வேற என்ன சொல்லுவேன்? வீட்டுல விரிப்பு மடிக்கிற மாதிரி அதையே மடிச்சு மடிச்சு மனப்பாடம் பண்ணிக்கிட்டிருக்கேன். ‘ஒரு நொடிகூடக் கஷ்டப்படலை.’ உன் மாமா நேத்துக் கேட்டார், யாரு கஷ்டப்படலைன்னு. நீங்கதான், சாப்பிடுங்கன்னேன்.

நேரத்துக்குத் தூங்கு.

அக்கா

ஏப்ரல் 2

அக்காவுக்கு,

நலம். உன்கிட்டேர்ந்து கடிதம் வரலை. பேசிப் பாக்கறதெல்லாம் எப்படிப் போகுது? உடம்பு சரியில்லையா? ஆபீஸர் ஐயாகூடக் கேட்டார், உங்க அக்கா எழுதலையான்னு.

தம்பி

ஏப்ரல் 20

அக்கா,

ஒரு வரி போதும்.

தம்பி

ஏப்ரல் 26

மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. முதுகு தேவலை. உன் அக்கா சாப்பிடுகிறாள். வேலைக்குப் போகிறாள். பேசுவதில்லை. வீடு லிஃப்ட் நின்ற கட்டடம் மாதிரி இருக்கிறது. என்ன நடந்தது என்று எனக்குச் சொல்லவில்லை. உனக்குத் தெரிந்தால் நீயும் சொல்ல வேண்டாம், அவளே சொல்லட்டும்.

மாமா

மே 3

தம்பிக்கு,

உடம்பு நல்லாத்தான் இருக்கு. உன் ரெண்டு கடிதமும் வந்துச்சு. எழுத உக்காந்தா எழுத்து கோணிக்கிட்டுப் போகுது.

சொல்லிட்டேன்டா.

அந்த வரியை இல்லை. அதைப் பத்துத் தடவை சரியாச் சொன்னேன். எல்லாரும் நின்னு ஒத்திகை பாத்தோம். ‘உடனே போயிட்டார், ஒரு நொடிகூடக் கஷ்டப்படலை’ன்னேன். டீச்சரம்மா தலையாட்டினாங்க. முடிஞ்சு எல்லாரும் ஷெட்டுல சாமான் வைக்கப் போனோம். அங்க ஒரு மண்வெட்டி மட்டும் காஞ்ச மண்ணோட ஆணியில தொங்கும். யாரும் தொடக் கூடாது. எனக்கு அது யாருதுன்னு முதல் நாளே தெரியும், ஒருநாளும் அது பக்கம் திரும்பினதில்லை. மருந்துக்கடைக்காரர் சும்மா வம்புக்கு, ‘நம்ம எல்லாரையும் கழுவு கழுவுன்னு உயிரை வாங்கறாங்க. சார் மண்வெட்டியை மட்டும் பாருங்க. அவருக்குச் சலுகை’னார். எல்லாரும் சிரிச்சாங்க. அந்தம்மா முகம் சுருங்கிப் போச்சு.

எனக்குப் பொறுக்கலை. அவங்களுக்குப் பரிஞ்சுதான் பேசினேன் தம்பி. ‘சும்மா இருங்க. கழுவாம வச்சுட்டு வந்துட்டோமேன்னுதான் மனுஷன் கடைசியா வருத்தப்பட்டுக்கிட்டுப் போனார், பாவம்’னேன்.

ஒருத்தருக்கும் ஒண்ணும் உறைக்கலை. மருந்துக்கடைக்காரர் ‘அடடா’ன்னார். டீச்சரம்மா கையில இருந்த ரப்பர் குழாயைக் கீழ வச்சாங்க. ‘யார்கிட்ட வருத்தப்பட்டார்?’னாங்க. மெதுவாத்தான் கேட்டாங்க.

வாயாடி வாயாடின்னு ஊரெல்லாம் பேர் வாங்கினவளுக்கு ஒரு பொய் வரலை பாரு. சும்மா சொன்னேன், கற்பனைன்னு சொல்லியிருக்கலாம். அவங்க என் முகத்தையே பாத்துக்கிட்டிருந்தாங்க. என் காதைப் பாத்தாங்க. நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே எலிக் காதுதானே. கோர்ட்டுல உன்னை எத்தனை நாள் பாத்திருப்பாங்க. ‘தம்பியா?’ன்னாங்க. ஆமான்னேன்.

‘அப்போ அவர் பேசியிருக்கார்’னாங்க. பேசணும்னா உயிரோட இருந்திருக்கணும். கணக்கு டீச்சர். எனக்கு முன்னாடி போட்டு முடிச்சுட்டாங்க. கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. அப்புறம் உன் விலாசம் கேட்டாங்க, கொடுத்தேன்.

நீ சொன்னே. நான் கேக்கலை.

அக்கா

மே 8

ஐயா,

இந்த இடத்தில் உங்கள் உடல்நலத்தை விசாரிப்பது முறை. என்னால் இயலவில்லை.

என் கணவர் விபத்துக்குப் பின் உங்களிடம் பேசினார் என்று அறிகிறேன். உங்கள் அக்கா மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை, அவர்மீது கோபிக்க வேண்டாம். நான் கேட்பதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். எவ்வளவு நேரம் உயிரோடு இருந்தார்? வலி இருந்ததா? வேறு என்ன சொன்னார்? நீங்கள் என்ன செய்தீர்கள்?

ஆறுதல் சொல்ல வேண்டாம். இரண்டு வருடமாக ஒரு தவறான விடையை வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறேன். இனிமேல் அது முடியாது. சரியான விடையாவது வேண்டும்.

அவருடைய மனைவி

மே 19

அம்மாவுக்கு,

நீங்க நல்லா இருக்கணும்னு எழுத எனக்குத் தகுதி இல்லை.

எவ்வளவு நேரம்னு எனக்குச் சரியாச் சொல்லத் தெரியலை. ஆம்புலன்ஸ் வர நேரமாச்சு. அது வளைவுல திரும்பற சத்தம் கேட்டப்போ அவருக்கு மூச்சு இருந்துச்சு. வந்து நின்னப்போ இல்லை.

வலி இருந்துச்சு. இல்லைன்னு எழுதிப் பாத்தேன், கிழிச்சுட்டேன்.

மண்வெட்டியைப் பத்திச் சொன்னார். ரெண்டு தடவை சொன்னார். கால் இருக்கான்னு கேட்டார். இருக்குன்னேன். வெயில் கண்ணுல குத்துதுன்னார். நான் எழுந்து நின்னு என் நிழல் அவர் முகத்துல விழற மாதிரி நின்னேன். அவர் கண்ணை மூடிக்கிட்டார். அதுக்கப்புறம் பேசலை. நான் நகரலை.

நான் என்ன செஞ்சேன்னு கேட்டிருக்கீங்க. எங்க அக்காகிட்டகூட இதை நான் சொன்னதில்லை. லாரியைவிட்டு இறங்கிப் பாத்ததும் நான் முதல்ல ஓடினேன். உதவிக்கு இல்லை, தப்பிக்க. அந்தக் கட்டடத்துக் கேட்வரைக்கும் ஓடினேன். அவர் ‘தம்பி’ன்னு கூப்பிட்டது கேட்டுச்சு. அப்புறம்தான் திரும்பி வந்தேன், அப்புறம்தான் போன் பண்ணினேன். அதுவரைக்கும் அவர் தனியா இருந்தார்.

மன்னிப்புக் கேக்க எனக்கு வாய் இல்லை.

லாரி டிரைவர்

ஜூன் 10

தம்பிக்கு,

எல்லாரும் நலம். உன் மாமா நிமிர்ந்து நடக்கறார், பாக்கறதுக்குப் புது ஆள் மாதிரி இருக்கார். நீ எப்படி இருக்கே? ஆபீஸர் ஐயா, நடுவுல கடிதம் குறைஞ்சதுக்கு மன்னிச்சுக்கங்க, இனிமே உங்களுக்கு வேலை இருக்கும்.

நீ அவங்களுக்கு என்ன எழுதினேன்னு எனக்குத் தெரியாது, கேக்கவும் மாட்டேன். உன் கடிதம் வந்த வாரம் அவங்க தோட்டத்துக்கு வரலை. அடுத்த வாரம் வந்தாங்க. கண்ணுக்குக் கீழ கன்னிப்போயிருந்துச்சு. தூங்கலைன்னு பாத்தாலே தெரியும். எல்லாருக்கும் வேலை பிரிச்சுக் கொடுத்தாங்க. என்கிட்ட வந்து, ‘உங்க பாத்தியை மாத்தியிருக்கேன். கடைசியில, உரக்குழி பக்கம்’னாங்க. வரக் கூடாதுன்னு சொல்லலை. மண்ணைத் தூக்கிப்போட்டு என் வெங்காயத்தையெல்லாம் நானே பிடுங்கி அங்க கொண்டு போய் நட்டேன். நேர்கோடா நட்டேன். அவங்க பாக்கலை.

டூர் நல்லபடியா நடந்துச்சு. நெறைய பேர் வந்தாங்க, குடை பிடிச்சுக்கிட்டு, குழந்தைங்களைத் தள்ளிக்கிட்டு. எனக்குப் பதிலா இப்ப மருந்துக்கடைக்காரர்தான் டீச்சரம்மாவுக்குப் பக்கத்துப் பாத்தி. அவருக்கு யாரும் ஒண்ணும் சொல்லலை போலிருக்கு. நான் மனப்பாடம் பண்ணினதையே எழுதி வச்சிருந்தார். வெள்ளரி, தோட்டம் போட்ட கதை எல்லாம் சொல்லிட்டு, ‘உடனே போயிட்டார், ஒரு நொடிகூடக் கஷ்டப்படலை’ன்னு முடிச்சார். வந்தவங்க உச்சுக் கொட்டினாங்க. நான் கூட்டத்துக்குப் பின்னாடி, என் இடத்துல நின்னுக்கிட்டிருந்தேன்.

டீச்சரம்மா, ‘தப்பு’ன்னாங்க.

பள்ளிக்கூடத்துல சொல்ற மாதிரியே சொன்னாங்க. மருந்துக்கடைக்காரர் பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பாக்கறார். தன் பாத்தியைப் பத்தித் தானே பேசக் கூடாதுங்கற சட்டத்தை அவங்களே உடைச்சாங்க. ‘கொஞ்ச நேரம் உயிரோட இருந்தார். வலி இருந்தது. முதல்ல தனியா இருந்தார். அப்புறம் ஒருத்தர் வந்து வெயில் படாம நின்னுக்கிட்டார்.’ அவ்வளவுதான். குரல் நடுங்கலை. ஒரு குழந்தை மட்டும் எதுக்கோ அழுதுச்சு. ‘அடுத்த பாத்தி’ன்னாங்க.

அந்த ஒருத்தர் யாருன்னு எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆச்சு. புரிஞ்சதும் ரெண்டு எட்டுப் பின்னாடி வச்சேன். பின்னாடி உரக்குழின்னு எனக்குத் தெரியாதா, நானே வாரா வாரம் அதுல கொட்டறவ. முழங்கால்வரைக்கும் உள்ளே போய் உக்காந்துட்டேன். அதுக்குள்ள கூட்டம் என் பக்கம் வந்துடுச்சு. டீச்சரம்மா முன்னாடி வந்து நின்னு என்னைப் பாத்தாங்க. அப்புறம் வந்தவங்க பக்கம் திரும்பி, ‘இது உரக்குழி’ன்னு சொல்லிட்டு கேட்டுப் பக்கம் நடந்தாங்க.

உடம்பைப் பாத்துக்கோ. குளிருக்கு முன்னாடி இன்னொரு போர்வை கேட்டு வாங்கிக்கோ.

உன் அக்கா

ஒரு செருப்பு இன்னும் உள்ளேதான் இருக்கு. மக்க ஒரு வருஷம் ஆகும்னு மருந்துக்கடைக்காரர் சொன்னார்.